லாரி வாங்கும் முன் எஞ்சினின் இழுவையைக் கணக்கிட்டு அறிவது எப்படி

லாரி வாங்கப் போகிறவர் விற்பனை நிலையத்தில் தரும் விவரத்தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது குதிரைத்திறன், அடுத்துப் பார்ப்பது சிசி. இரண்டுமே தேவையானவைதான். ஆனால் சுமையோடு தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது ஓட்டுநர் எத்தனை முறை கியரை இறக்க வேண்டியிருக்கும், மாதக் கடைசியில் டீசல் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரிதும் சொல்லக்கூடிய எண், அதே தாளில் சிறிய எழுத்தில் வேறோர் இடத்தில் இருக்கும். "700 நியூட்டன் மீட்டர், 1200 முதல் 2000 ஆர்பிஎம் வரை" என்பது போன்ற அந்த வரி எஞ்சினின் இழுவையை, அதாவது முறுக்கு விசையை, எந்தச் சுழல் வேகத்தில் (ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) தருகிறது என்று சொல்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்ற எண்கள் அதன் பின்னால் ஒழுங்காக வந்து நின்றுவிடும்.

வண்டியின் பெயரிலிருந்தே தொடங்கலாம். இந்தியாவில் டாடா, அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்கள் வைக்கும் நான்கு இலக்கப் பெயரில் முதல் இரண்டு இலக்கங்கள் சுமையோடு சேர்ந்த மொத்த எடையை டன்னிலும், கடைசி இரண்டு இலக்கங்கள் குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தும் ஏறத்தாழச் சொல்லும். 1612 என்றால் 16 டன், 120 குதிரைத்திறன். 2820 என்றால் 28 டன், 200 குதிரைத்திறன். 2018-இல் மத்திய அரசு அச்சுக்கான எடை வரம்பை உயர்த்தியபோது, நம் ஊரில் டாரஸ் என்றே அழைக்கப்படும் பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது; அதனால்தான் 25-இல் தொடங்கிய பெயர்கள் 28-இல் தொடங்குபவையாக மாறின. பெயர் இவ்வளவுதான் சொல்லும். முறுக்கு விசையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

கொள்ளளவைக் கணக்கிடுவது

சிசி என்பது பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும்போது விடுபடும் இடத்தின் அளவை எல்லா சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கூட்டிய தொகை. சிலிண்டரின் உள்விட்டத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதை 0.7854 ஆல் பெருக்கி, பிஸ்டன் ஓடும் நீளத்தாலும் சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பழைய டாடா லாரிகளில் பல்லாண்டுகள் ஓடிய 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரிலேயே கணக்கின் பாதி ஒளிந்திருக்கிறது: 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் உள்விட்டம். பிஸ்டன் ஓடும் நீளம் 128 மில்லிமீட்டர். அளவுகளைச் சென்டிமீட்டராக்கி 9.7 × 9.7 × 0.7854 × 12.8 × 6 என்று போட்டால் 5,675 சிசி வரும். அதன் தம்பியான 497-இல் அதே அளவுள்ள சிலிண்டர்கள் நான்கு இருப்பதால் 3,783 சிசி. எஞ்சின் வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகள் பெயரைக் கேட்டவுடனே பிஸ்டன் அளவைச் சொல்லிவிடுவதன் இரகசியம் இதுதான்.

இந்த இடம் எதற்கு என்றால், காற்றை நிரப்புவதற்கு. டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசலை வேண்டுமானாலும் பீய்ச்சலாம், பம்பும் அதற்கு ஒத்துழைக்கும். ஆனால் ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும், நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகப் போகும், இல்லையேல் வெப்பமாக எஞ்சின் தலையில் ஏறும். ஆகவே எஞ்சினின் வலிமையைக் கட்டிப்போட்டிருப்பது காற்றுதான். டர்போ இல்லாமல் தானே மூச்சிழுக்கும் டீசல் எஞ்சின், லிட்டருக்குச் சுமார் 70 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 5.7 லிட்டருக்கு 400, 3.8 லிட்டருக்கு 270 என்று கணக்கு வரும். இந்த இரண்டு எண்களும் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

டர்போ என்ன செய்கிறது

புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் சூடான வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பதுதான் டர்போசார்ஜர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஹி என்ற பொறியாளர் 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சாலையில் ஓடும் லாரிக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. வோல்வோ நிறுவனம் 1954-இல் தன் டைட்டன் லாரியின் 9.6 லிட்டர் எஞ்சினில் டர்போவைப் பொருத்தியபோது, கொள்ளளவு ஒரு சிசிகூட மாறாமல் 150 குதிரைத்திறன் 185 ஆக உயர்ந்தது.

அமுக்கிய காற்று சூடாகும் என்பது சைக்கிள் பம்பைப் பிடித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். 30 டிகிரியில் உள்ள காற்றை இரண்டரை மடங்கு அழுத்தத்துக்கு டர்போ அமுக்கினால் அது 150 டிகிரியை எட்டிவிடும். சூடான காற்று விரிந்து நிற்பதால், அழுத்தம் இரண்டரை மடங்கு கூடியும் உள்ளே போகும் காற்றின் எடை 1.8 மடங்குதான் கூடுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலரில் அதே காற்றை 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் எடை 2.3 மடங்கு வரை போகும். டர்போவைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்டர்கூலரை மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. சேறும் பூச்சியும் அடைத்த இன்டர்கூலரோடு ஓடும் வண்டி, இழுவைக்கான காற்றில் ஒரு பங்கை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடுகிறது.

விவரத்தாளில் உள்ள முறுக்கு விசையை லிட்டர் கணக்கால் வகுத்துப் பார்த்தால், அந்த எஞ்சின் எவ்வளவு நெருக்கி வேலை வாங்கப்படுகிறது என்பது தெரியும். 6.7 லிட்டர் எஞ்சினில் 950 நியூட்டன் மீட்டர் எடுத்தால் லிட்டருக்கு 142. வோல்வோவின் 16.1 லிட்டர், 750 குதிரைத்திறன் எஞ்சின் 3,550 நியூட்டன் மீட்டர் தருகிறது, லிட்டருக்கு 220. இந்த எண் உயர்ந்திருப்பது குற்றமில்லை. ஆனால் அது உயர உயர, குறித்த தரத்து ஆயில், சுத்தமான காற்று, குறையாத ரேடியேட்டர் நீர் ஆகிய மூன்றிலும் மன்னிப்பு குறைந்துகொண்டே போகும். பழைய 697 எஞ்சினிடம் காட்டிய அலட்சியத்தை இவற்றிடம் காட்ட முடியாது.

முறுக்கு விசையும் குதிரைத்திறனும்

ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வதை விவரத்தாள் முறுக்கு விசை அல்லது டார்க் என்று சொல்கிறது. அது எஞ்சினின் அச்சைத் திருகும் பலம். அந்தத் திருகலை நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் செய்ய முடிகிறது என்பதையும் சேர்த்தால்தான் குதிரைத்திறன் வரும். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,000 ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைத்துவிடும்; சரியான எண் 7,023 என்றாலும் கைக்கணக்குக்கு இது போதும். 700 நியூட்டன் மீட்டரை 2000 ஆர்பிஎம்மில் தரும் எஞ்சின் 200 குதிரைத்திறன் உடையது.

இப்போது 200 குதிரைத்திறன் என்றே அச்சிட்ட இரண்டு எஞ்சின்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது 1200 ஆர்பிஎம்மிலேயே 700 நியூட்டன் மீட்டரைத் தொட்டு 2000 வரை அப்படியே நிற்கிறது. இரண்டாவது 1600-க்கு மேல்தான் தன் உச்சமான 600-ஐத் தொடுகிறது, 200 குதிரைத்திறனை 2400 ஆர்பிஎம்மில் எட்டுகிறது, 1200-இல் 480 மட்டுமே தருகிறது. ஏற்றத்தில் வேகம் குறைந்து எஞ்சின் 1200-க்கு இறங்கும்போது, முதல் எஞ்சினிடம் 120 குதிரைத்திறன் இருக்கும், இரண்டாவதிடம் 82 மட்டுமே இருக்கும். பெயரில் இரண்டும் ஒன்றுதான். மேட்டில் ஒன்று கியரைப் பிடித்துக்கொண்டு ஏறும், மற்றொன்றின் ஓட்டுநர் கியர்த் தண்டோடு மல்லுக்கட்டுவார். எனவே உச்ச எண்ணைவிட அந்த உச்சம் எந்த ஆர்பிஎம்மில் தொடங்குகிறது, எதுவரை நீள்கிறது என்பதையே முதலில் பாருங்கள். சுமை வண்டிக்கு அது 1200-க்குள் தொடங்கி, குறைந்தது 600 சுற்றுகள் அகலம் இருப்பது நல்லது.

ஏற்றத்தில் கணக்கு

முறுக்கு விசை மட்டும் இருந்தால் போதும் என்று சொல்பவர்களையும் முழுதாக நம்ப வேண்டாம். மேட்டில் வண்டி எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தீர்மானிப்பது அந்த நேரத்தில் எஞ்சினிடம் உள்ள குதிரைத்திறன். அந்த வேகத்தை எந்தக் கியரில், எவ்வளவு இரைச்சலோடு எட்டுகிறது என்பதைத்தான் முறுக்கு விசை தீர்மானிக்கிறது.

28 டன் வண்டி, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். எடை பின்னுக்கு இழுப்பது 28,000 × 9.81 × 0.05, அதாவது சுமார் 13,700 நியூட்டன். டயர் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் 15,900 ஆகும். டயரின் நடுவிலிருந்து தரை வரை அரை மீட்டர் என்பதால் சக்கரத்தில் தேவைப்படும் திருகல் 7,950 நியூட்டன் மீட்டர். கியர்ப்பெட்டியிலும் பின் அச்சின் ஹவுசிங்கிலும் பத்தில் ஒரு பங்கு உராய்வில் வீணாகப் போவதால் 8,830 என்று கொள்ளலாம். 700 தரும் எஞ்சினுக்கு இதை எட்ட 12.6 மடங்கு பெருக்கம் வேண்டும். பின் ஹவுசிங்கில் உள்ள பெரிய பற்சக்கரமான கிரௌனுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனுக்கு 7 பல் என்றால் அங்கேயே 5.86 மடங்கு கிடைத்துவிடுகிறது, மீதி 2.15 மடங்கைக் கியர்ப்பெட்டி தர வேண்டும், அது ஆறு கியர் வண்டியில் பெரும்பாலும் மூன்றாவது கியர். அந்தப் பெருக்கத்தில் 1500 ஆர்பிஎம்மில் மணிக்கு 22 கிலோமீட்டரிலும், 2000-இல் 30 கிலோமீட்டரிலும் வண்டி ஏறும். இதே சுமையை 400 நியூட்டன் மீட்டர் தரும் பழைய 130 குதிரைத்திறன் எஞ்சினில் கட்டினால் 22 மடங்கு பெருக்கம் தேவைப்பட்டு, ஒரு கியர் கீழே இறங்கி, முழு வேகத்தில் கத்திக்கொண்டு 20 கிலோமீட்டரைத் தாண்டாமல் ஏறும்.

கிரௌன் பினியன் விகிதம் இங்கே எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே எஞ்சினுள்ள வண்டியையே வெவ்வேறு விகிதங்களில் நிறுவனங்கள் விற்கின்றன. சமவெளியில் நெடுந்தூரம் ஓடும் நாமக்கல் டேங்கர் வண்டிக்குக் குறைந்த விகிதம் டீசலை மிச்சப்படுத்தும்; கல்குவாரியிலிருந்து மண் பாதையில் ஏறி வரும் டிப்பருக்கு அதையே கொடுத்தால் கிளட்ச் தட்டுதான் பலியாகும். விற்பனையாளர் தானாக இதைச் சொல்வது அரிது, நாமே கேட்க வேண்டும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது

டர்போவின் பலவீனம் இங்கேதான். புகைக்குழாயில் போதிய வாயு பாயாதவரை டர்போ சுழலாது. அது சுழலாதவரை எஞ்சின் வெறும் கொள்ளளவை மட்டுமே நம்பி நிற்கிறது. முன்பு சொன்ன 400-க்கும் 270-க்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் உறைக்கும். 3.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினும் 5.7 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் விவரத்தாளில் ஒரே 700 நியூட்டன் மீட்டரைக் காட்டினாலும், சுமையோடு மேட்டில் நின்றுபோன வண்டியைக் கிளப்பும் அந்த இரண்டு வினாடிகளில் அவை ஒன்றல்ல. சிறிய எஞ்சினின் ஓட்டுநர் டர்போ விழித்துக்கொள்ளும் வரை கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். புகைவாயு செல்லும் வழியைச் சுருக்கி விரிக்கும் புதிய வகை டர்போக்கள் இந்தத் தாமதத்தைக் குறைத்திருக்கின்றன, ஆனால் இல்லாமல் செய்துவிடவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் வண்டிக்குச் சிறிய எஞ்சின் போதும், டீசலும் மிச்சம்; நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பும் வேலைக்கும் மலைப்பாதைக்கும் ஆறு சிலிண்டரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஆகவே ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அதுவும் வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் பொருளே இல்லை. சுமை ஏற்றிய வண்டியில், சமதளத்தில் மேல் கியரில் 1200 ஆர்பிஎம்முக்கு இறக்கிவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் உதறாமல், கியரை இறக்கச் சொல்லிக் கெஞ்சாமல் வேகம் எடுக்க வேண்டும். பிறகு ஒரு மேட்டில் முழுதாக நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் கருகும் வாடை வந்தால் அந்த எஞ்சினோ அந்தக் கிரௌன் விகிதமோ உங்கள் பாதைக்கு உகந்ததன்று.

ஓட்டும் முறை

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை இறக்கி, ஆர்பிஎம் முள்ளை முறுக்கு விசையின் உச்சப் பகுதிக்குள், சொல்லப்போனால் அதன் மேல் பாதியில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். 1000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்கிய பிறகும் மேல் கியரிலேயே முழு அழுத்தம் கொடுத்து இழுப்பது டீசலை மிச்சப்படுத்துவதாகத் தோன்றினாலும், காற்றுப் போதாமல் வெப்பம் ஏறி பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும்தான் சேதம். மறுபுறம், உச்சப் பகுதியைத் தாண்டி எஞ்சினைக் கத்த வைப்பதும் பழைய எஞ்சின்கள் கற்றுத்தந்த பழக்கமே தவிர இன்றைய எஞ்சினுக்குத் தேவையானதன்று.

இறக்கத்தில் டர்போவைப் பெரிதாக நம்ப முடியாது. எஞ்சின் பிரேக்கும், புகைக்குழாயை அடைத்து எஞ்சினைத் தடுக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் பெரும்பாலும் கொள்ளளவையும் சுற்றையும் நம்பியே வண்டியைப் பிடிக்கின்றன. சிறிய எஞ்சின் கொண்ட கனமான வண்டி ஏறும்போது காட்டிய வீரத்தை இறங்கும்போது காட்டாது. எனவே அத்தகைய வண்டியை, ஏறிய கியரிலோ அதற்கும் ஒன்று குறைத்தோ இறக்க வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் பழக்கம் எத்தனை விபத்துகளுக்குக் காரணமானது என்பது அந்தச் சாலையில் ஓடும் எல்லோருக்கும் தெரியும். அந்த மிச்சமும் உண்மையன்று: மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்றைய எஞ்சின், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசலை முழுதாக நிறுத்திவிடுகிறது; நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கிறது.

டர்போவைப் பேணுவது

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்கிறது, அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. காலையில் கிளப்பியதும் ஆயில் மேலே சென்றடைய ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். நீண்ட ஏற்றம் ஏறி வந்து டீக்கடையில் நிறுத்தும்போது உடனே அணைக்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கருகிக் கரியாகப் படிந்து, அடுத்த முறை ஆயில் வரும் வழியை அடைக்கும்.

இழுவை குறைந்தால் உடனே டர்போவைக் கழற்றச் சொல்பவரிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில், புகையைச் சுத்தமாக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசலான ஆட்புளூ தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ கணினியே முறுக்கு விசையைக் குறைத்துவிடும். புகைவடிகட்டி அடைபட்டாலும் அப்படியே. ஆகவே முதலில் டாஷ்போர்டு விளக்குகளைப் பாருங்கள், அடுத்து ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கரும்புகையும் சீறும் ஒலியும் சேர்ந்து வந்தால், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் விரிந்திருக்கவோ கிளிப் தளர்ந்திருக்கவோ கூடும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, யாரேனும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். நீலப்புகை வந்து ஆயிலும் குறைந்தால் அப்போதுதான் டர்போவின் சீல் மேல் சந்தேகப்பட வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, டர்போவின் காற்று வாய்க்குழாயைக் கழற்றி அச்சின் நுனியை விரலால் அசைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் உணரக்கூடிய ஆட்டமோ, இறக்கைகளின் விளிம்பில் உரசலோ, தூசி தின்ற அடையாளமோ இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுவதற்கு அது போதிய காரணம். பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார்களா, கணினியில் குதிரைத்திறனை ஏற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நிறுவனம் 700 நியூட்டன் மீட்டருக்கென்று தேர்ந்த கிளட்சும் கியர்ப்பெட்டியும் கிரௌனும் 850-ஐத் தாங்க வேண்டியிருந்தால், அதற்கான செலவு முந்தைய உரிமையாளருடையதாக இருக்காது.